எங்கள் ஆற்றங்கரையில் மனை போடுகிறார்கள், தடுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி மருத மரங்கள், அதற்குப் பின்னால் வாழைத் தோட்டங்கள். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த இடம். தை மாதத்திலிருந்து அங்கே சரள் மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, மனை பிரிக்கிறார்கள். மருத மரங்களில் ஏழெட்டை வெட்டிவிட்டார்கள். படித்துறைக்குப் போகும் வண்டிப்பாதையை மறித்து முள்கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். நிலத்தை விற்றவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். இது போதாதென்று என் அண்ணன் அங்கே ஒரு மனைக்கு இரண்டு லட்ச ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். 'ஆற்றங்கரையின் அழகு கெடுகிறது, தடுத்து நிறுத்துங்கள்' என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். 'பட்டா நிலம், நடவடிக்கைக்கு இடமில்லை' என்று பதில் வந்தது. இனி ஏதாவது வழி இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த மனுவை அப்படியே மறுபடியும் கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

முப்பது ஆண்டுக்கு மேல் நில அளவையராக வேலை பார்த்தவன் என்பதால், அந்த மனு ஆபீசில் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கலெக்டர் ஆபீசிலிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு. அவர் கணக்கைப் புரட்டி, சித்தப்பா விற்ற சர்வே எண்ணுக்குப் பட்டா இருக்கிறதா என்று பார்த்திருப்பார். இருந்திருக்கும். எழுதி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலி எந்தெந்த சர்வே எண்களுக்குள் நிற்கிறது, மண் எதுவரை கொட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் சங்கிலி பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் மனு அதைக் கேட்கவும் இல்லை.

ஆற்றங்கரை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லும் இடம் வருவாய்க் கணக்கில் இரண்டாகப் பிரியும். தண்ணீர் ஓடும் இடம், மணல் கிடக்கும் இடம், அதன் கரை எல்லாம் சேர்ந்து ஆற்றுப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். பல ஊர்களில் அது ஒரே பெரிய சர்வே எண்ணாக ஊர் எல்லை முடியும்வரை நீண்டு கிடக்கும். அதிலிருந்து மேலேறினால் படுகை. படுகையில் தாத்தா, பாட்டன் காலத்திலிருந்து பட்டா உள்ள நிலங்கள் உண்டு. வாழை போட்டு, தீர்வை கட்டி ஆண்டு வந்தவை. உங்கள் சித்தப்பா விற்றது அப்படிப்பட்ட நிலமாகத்தான் இருக்கும். அப்படியானால் அவர் விற்றதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் பேசும்போது உதவும்.

இப்போது அடுத்த கேள்வி. அவர்கள் எல்லாரும் சேர்ந்து விற்றது எவ்வளவு, வேலி அடைத்திருப்பது எவ்வளவு? ஆற்றங்கரை மனைப்பிரிவில் தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைக்குத்தான் விலை அதிகம். அந்த வரிசையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் இன்னும் பத்து மனை கிடைக்கும். ஆற்றுப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரர் என்று யாரும் இல்லை. வந்து சண்டை போட ஆள் கிடையாது. அதனால் எல்லை அந்தப் பக்கம்தான் நகரும். நீங்கள் சொல்லும் மருத மரங்கள் கரையிலேயே நின்றவை என்றால், அவை புறம்போக்கில் நின்றிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் அவை அரசு மரங்கள். வெட்டிய அடிக்கட்டைகள் இன்னும் இருந்தால் இன்றைக்கே போய், பின்னால் ஆறு தெரியும்படி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டால் அப்புறம் மரம் நின்றதற்கே சாட்சி இல்லை.

எனக்கு ஒரு வீடு ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் ஆற்றை ஒட்டிய ஒரு புலத்தை அளக்கப் போயிருந்தேன். வரைபடப்படி ஆற்றுப் பக்கம் மூன்று எல்லைக்கல் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மூன்று புலங்கள் சேரும் ஒரு மூலையில் மட்டும் பழைய கல் கலையாமல் இருந்தது. அதிலிருந்து பிடித்து அளந்து வந்தபோது, எல்லைக்கோடு புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் முன்வாசலில் வந்து விழுந்தது. வாசலுக்கு இந்தப் பக்கம் பட்டா, அந்தப் பக்கம் திண்ணை, தோட்டம், சுற்றுச்சுவர் எல்லாம் ஆறு. கல்லைப் பிடுங்கியது அந்த வீட்டுக்காரர் இல்லை. அவர் மனை வாங்கும் முன்பே பிடுங்கியிருந்தார்கள். வேலை பார்த்துச் சேர்த்த காசு முழுவதையும் போட்டுக் கட்டியவர். நான் நோட்டில் அளவை எழுதிக்கொண்டிருக்க, அவர் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதார். உங்கள் அண்ணன் முன்பணம் கொடுத்திருக்கிறார் என்று படித்ததும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே முதல் வேலை, காகிதம் சேர்ப்பது. அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால், அது பட்டாவா புறம்போக்கா என்று காட்டும் 'அ' பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் கிடைக்கும். 'எஃப்.எம்.பி.' என்று ஆபீசில் சொல்வது இந்தப் புல வரைபடத்தைத்தான். சித்தப்பா விற்ற எண்ணுக்கும், அதைச் சுற்றியுள்ள எல்லா எண்களுக்கும், ஆற்றின் எண்ணுக்கும் எடுங்கள். கிராம வரைபடமும் ஒன்று வாங்குங்கள். அதில்தான் எல்லா எண்களும் ஒன்றாகத் தெரியும், வண்டிப்பாதை எந்த எண்ணில் போகிறது என்பதும் புரியும். ஒருவேளை கரையை ஒட்டிய எண் இப்போதைய கணக்கில் பட்டா என்று இருந்து, ஊர்ப் பெரியவர்கள் 'அது எப்போதும் ஆற்று நிலம்தானே' என்று சொன்னால், அங்கேயே விட்டுவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லாரும் சொல்வது, புறம்போக்கு சில இடங்களில் தவறாகத் தனியார் பெயரில் ஏறியிருக்கிறது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை வாங்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அந்தத் தவறைத் திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பழைய வரைபடங்களில் அளவு லிங்க் கணக்கில் இருக்கும், குழம்ப வேண்டாம்: நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி.

இணையத்தில் இல்லாத காகிதங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த சர்வே எண்களில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கேட்டு வந்த விண்ணப்பம், அதோடு கொடுத்த வரைபடம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் உத்தரவு, நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று, விவசாய நிலத்தை மாற்ற கலெக்டர் இசைவு தந்திருந்தால் அதன் நகல். கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். கோப்பில் இருக்கும் வரைபடத்தையும் தரையில் போட்ட வேலியையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

இந்தக் காகிதங்கள் கையில் வந்தபின் இரண்டாவது மனு எழுதுங்கள். சுருக்கமாக, சர்வே எண்ணோடு: 'இந்த எண்ணுள்ள ஆற்றுப் புறம்போக்கில் மண் கொட்டி வேலி போடப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, தாலுகா சர்வேயரைக் கொண்டு புறம்போக்கின் எல்லையை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பு இருந்தால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்ற வேண்டும்.' அந்தச் சட்டத்தின் 7-ம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பார்கள், 6-ம் பிரிவில் வெளியேற்றுவார்கள். பலர் ஆற்றுக்கும் 2007-ம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு மனு போடுகிறார்கள். அது ஏரி, குளங்களுக்கான சட்டம். அதை எழுதினால் 'பொருந்தாது' என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கி வையுங்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. மே 1 கிராம சபை வருகிறது. இதே கோரிக்கையை அங்கே தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லிக் கேளுங்கள். ஆற்றுப் புறம்போக்கு ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. எத்தனை வருடம் அனுபவித்தாலும் அதற்குப் பட்டா கேட்க முடியாது.

சரி, அளந்து பார்த்ததில் வேலி முழுவதும் பட்டாவுக்குள்தான் இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் விஷயம் முடியவில்லை. சொல்லப்போனால் என் கவலை அங்கேதான் அதிகம்.

படுகை ஏன் தாழ்வாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு பெருகும் நாளில் தண்ணீர் ஏறி நின்று, வேகம் குறைந்து, வண்டலைப் போட்டுவிட்டு இறங்கும் இடம் அது. உங்கள் ஊர் வாழை அவ்வளவு செழிப்பாக வந்ததற்கு அந்த வண்டல்தான் காரணம். பாட்டன்மார் அங்கே தோட்டம் போட்டார்கள், வீடு கட்டவில்லை. வீட்டை மேட்டில் கட்டினார்கள். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டுப் போனபின் கழுவி விட்டு மறுபடி கொண்டுவருவார்கள். ஆற்றுக்குள் சாமிக்கு இடம் கொடுத்த ஊரே, வெள்ளத்தன்று சாமியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறது. ஆற்றைப் பார்த்தபடி மனை வாங்கும் குடும்பம் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே போகும்?

1992 நவம்பர் வெள்ளம் உங்கள் சித்தப்பாவுக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கே நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளில் இப்போது மண் கொட்டும் தோட்டத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? ஊரில் யாராவது செல்போனில் படம் எடுத்திருப்பார்கள். மோட்டார் ரூம் சுவரில் வண்டல் கறை இருக்கும். அதை அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். இந்தச் சான்றுக்கு என்ன பயன் என்றால், ஆற்றை ஒட்டிய மனைப்பிரிவுக்கு, வெள்ளம் ஏறும் இடமா என்று பார்த்து நீர்வளத் துறை சான்று தர வேண்டும். உங்கள் கையில் உள்ள படமும் அவர்கள் கொடுத்த சான்றும் முரண்பட்டால், அந்த அனுமதியையே கேள்வி கேட்கலாம். சான்றே வாங்கவில்லை என்றால் இன்னும் சுலபம்.

இன்னொன்றையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லுங்கள். நான்கைந்து அடி மண் கொட்டி மேடாக்கினால் அந்த மனை வேண்டுமானால் தப்பிக்கலாம். அங்கே ஏறி நின்றிருக்க வேண்டிய தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். எதிர்க்கரையை அரிக்கும், இல்லையென்றால் பக்கத்துத் தாழ்வில் ஏறும். மனை வாங்காதவர் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஐம்பது வீட்டின் கழிவுநீர்த் தொட்டி அந்த மணல் பாங்கான மண்ணில் இறங்கினால் அது ஆற்றுக்கு வர எத்தனை நாள் ஆகும்? இந்த ஆற்றில் உறைகிணறு போட்டுத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. வெள்ளம் பாயும் இடத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று மண்டலம் பிரிக்க ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற சில மாநிலங்கள்தான் சட்டம் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இருந்திருந்தால் நீங்கள் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்காது. இத்தனை வெள்ளத்துக்கு அப்புறமும் அதைக் கொண்டுவராதது பெரிய தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கால எல்லை ஒன்று உண்டு, கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ஆற்றை நிரப்புவது, மாசுபடுத்துவது போன்ற விஷயங்களுக்கு அங்கே போகலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தரலாம், அதற்கு மேல் இல்லை. தையில் தொடங்கியது என்கிறீர்கள். இப்போது சித்திரை. ஆடி பிறப்பதற்குள் முடிவெடுங்கள். மண் கொட்டத் தொடங்கிய நாளைக் காட்டும் படம், வாட்ஸாப் செய்தி எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டம் என்றால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் ஊரில் நடப்பது வெறும் மனை விற்பனை என்றால் அது பொருந்தாது.

வண்டிப்பாதையைத் தனி மனுவாகப் போடுங்கள், இதோடு கலக்காதீர்கள். கிராம வரைபடத்தில் அது பாதைப் புறம்போக்காக இருந்தால் மேலே சொன்ன 1905 சட்டமே போதும். பட்டா நிலத்தின் வழியாகப் போகும் வழக்கமான பாதை என்றால், பொதுவழியை மறித்ததற்காக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம். பழைய சட்டத்தின் 133-ம் பிரிவுதான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. இறந்தவருக்கு நீர்மாலை எடுக்கப் போகும் வழி, ஆடு மாடு தண்ணீருக்குப் போகும் வழி என்று அந்தப் பாதையின் பயன்களை எழுதி, வயதானவர்கள் நான்கைந்து பேரின் வாக்குமூலத்தைச் சேருங்கள். எனக்குத் தெரிந்தவரை, முதலில் பலன் கிடைக்கக்கூடியது இந்த மனுவில்தான்.

'அழகு கெடுகிறது' என்று எழுதியதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டாம். அதை எழுத வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான். இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதி ஆற்று நிலத்தைச் சேர்த்துக்கொண்டு, வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றின் போக்கையே இயந்திரம் வைத்துத் திருப்பியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிலக் குத்தகையை ரத்து செய்தது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறது, தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. அதன்படி மருத நிழலில் நின்று ஆற்றைப் பார்ப்பது மனை வாங்கியவருக்கு மட்டும் உரிய சொத்தாக முடியாது. உங்கள் ஊர் ஏதாவது முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வருகிறது என்றால், வரைவுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது, ஆற்றை ஒட்டிய படுகையை விவசாய மண்டலமாகவே வைக்கச் சொல்லி எழுதுங்கள். அழகைப் பற்றி அங்கே பக்கம் பக்கமாக எழுதலாம். தாசில்தாருக்குப் போகும் மனுவில் சர்வே எண் மட்டும் போதும்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு சண்டை போடாதீர்கள். மூன்று காகிதங்களை மட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண், அவருடைய மனையின் சர்வே உட்பிரிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ஆணையத்தில் பதியாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. பதிவு எண் இல்லை என்றால் அதைச் சொல்லியே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் ஆணையத்தில் புகார். பணம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்தாலும், அந்த மனையில் 2023-ல் தண்ணீர் எவ்வளவு நின்றது என்ற படத்தை மதினிக்கும் காட்டுங்கள். மீதிப் பணம் கொடுப்பதை அவர்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

சித்தப்பாவைப் பார்க்கப் போகும்போது மனுவைக் கையில் கொண்டுபோகாதீர்கள். அவர் விற்றதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். வாழை காற்றில் சாய்ந்த வருடமோ, வீட்டில் ஒரு கல்யாணமோ. அதைக் குத்திக்காட்டாதீர்கள். அவரிடம் உங்களுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கிரயப் பத்திரத்தின் நகல். அதில் நான்கு எல்லை எழுதியிருக்கும். வடக்கோ தெற்கோ 'ஆற்றுக்கு' என்று எங்கே முடிகிறது, நீள அகலம் என்ன என்று பாருங்கள். இரண்டாவது, ஆற்றுப் பக்கத்து எல்லைக்கல் எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் நாற்பது வருடம் தண்ணீர் பாய்ச்சியவர், கண்ணை மூடிக்கொண்டே காட்டுவார். ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே கரையோரமாக நடந்து போங்கள். கல் இருந்தால் படம் எடுங்கள். இல்லாவிட்டால் அவர் காட்டும் இடத்தைப் பழைய மரம், கிணறு எதிலிருந்தாவது அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சர்வேயர் வரும் நாளில் அவர் பக்கத்தில் நின்றால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புல வரைபடங்களும் பத்திர நகலும் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எந்தக் கல்லிலிருந்து அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.